குளவிக்கூடு கண்டால்: முதலில் கூட்டைப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்



சென்ற தவணை படிவம் நான்கு மாணவர்களுக்கு 'வீட்டில் ஏற்படும் ஆபத்துகளைத் தவிர்க்கும் வழிகள்' என்ற தலைப்பில் ஒரு விளக்கக் கட்டுரை கொடுத்திருந்தேன். வழக்கம்போல மின்சாரம், எரிவாயு, வழுக்கும் குளியலறை என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் குளவிக்கூட்டைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தான். "முதலில் நீண்ட கம்பு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் நுனியில் பழைய துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைக்க வேண்டும். பின்னர்ப் பற்ற வைத்துக் கூட்டின் அடியில் பிடிக்க வேண்டும்." ஒற்றுப்பிழை இல்லை. முதலில், பின்னர், இறுதியில் என்று படிநிலைகள் வரிசையாக இருந்தன. மொழிக்கு நல்ல மதிப்பெண் போடலாம். ஆனால், அந்தப் பத்தியில் சொன்னபடி ஒருவர் செய்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்கப்பா படிச்ச இதை?"

"படிக்கல டீச்சர். எங்க வீட்டுப் பின்னால மாமரத்துல பெரிய கூடு இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை அப்பா எரிக்கப் போறாரு. அவர் சொன்னதைத்தான் எழுதினேன்."

அன்று வியாழக்கிழமை. அன்று மாலை அவன் அப்பாவிடம் தொலைபேசியில் என்ன பேசினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவரிடம் சொன்ன விவரங்களைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். வகுப்பிலும் பயன்படும், வீட்டிலும் பயன்படும்.

முதலில் சொல்லைச் சரிபார்ப்போம்

கொட்டும் பூச்சி 'குளவி'. ளகரம். 'குழவி' என்று ழகரம் போட்டால் பொருள் குழந்தை. அம்மியில் அரைக்கும் உருட்டுக்கல்லும் அம்மிக்குழவிதான். "வீட்டுக் கூரையில் குழவி தொங்கியது" என்று எழுதினால் படிப்பவர் பதறிப்போவார். இன்னொன்றும் உண்டு: குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களில் 'குளவி' என்பதும் ஒன்று. அது காட்டு மல்லிகை. சங்கப் பாடலில் குளவியின் மணம் வந்தால் பூச்சியைத் தேடாதீர்கள்!

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். பாம்பு கடிக்கும், எறும்பு கடிக்கும். தேளும் தேனீயும் குளவியும் கொட்டும். கொட்டும் உறுப்புக்குப் பெயர் கொடுக்கு.

பெரிய குளவிகளை நாம் இங்கே மலாய்ச் சொல்லால் 'தெபுவான்' என்கிறோம். தமிழ்நாட்டுச் செய்திகளில் 'கதண்டு' என்றும் 'விஷ வண்டு' என்றும் வருவது இந்தக் கூட்டத்தைத்தான். ஆனால், வீட்டில் பேசும்போது சின்னது, பெரியது எல்லாவற்றையும் 'குளவி' என்ற ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பயப்படத் தேவையில்லாததைக் கண்டு பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதன் பக்கத்தில் போய்க் கம்பை நீட்டுகிறோம்.

மூன்று கூடு, மூன்று குணம்

பறக்கும் குளவியை நின்று நிதானமாகப் பார்த்து இனம் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. கூட்டைப் பார்க்கலாம், அது அசையாது. நம் வீடுகளைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று வகைக் கூடுகளைக் காணலாம்.

1. மண்கூடு

சுவர் மூலையில், சன்னல் சட்டத்தில், அலமாரிக்குப் பின்னால், சாமிப் படத்துக்குப் பின்னால்கூட இருக்கும். சில கூடுகள் விரல் போன்ற குழாய்களாக ஒட்டியிருக்கும். சில சின்ன மண்சட்டி போலக் கழுத்தும் வாயும் வைத்து அழகாக இருக்கும். இவற்றைக் கட்டுபவை தனித்து வாழும் குளவிகள். அரசி, வேலைக்காரிகள் என்று கூட்டம் கிடையாது. ஒரே ஒரு தாய் மண்ணைக் குழைத்து வந்து கட்டுகிறது. சிலந்தியையோ கம்பளிப்புழுவையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து உள்ளே வைக்கிறது. முட்டையிட்டு வாயை மூடிவிட்டுப் போய்விடுகிறது. காவல் நிற்பதில்லை. கையால் பிடித்து நசுக்கினாலொழிய இது பெரும்பாலும் கொட்டாது.

வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளைப்பேறு வரும் என்று நம் பாட்டிமார் அதைக் கலைக்க விடமாட்டார்கள். நம்பிக்கை எப்படியோ இருக்கட்டும், கலைக்காமல் விட்டது நல்ல பழக்கம். தோட்டத்துப் புழுக்களைக் குறைக்கும் உயிர் அது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று சொல்வார்கள் அல்லவா? ஆசிரியர் தின உரைகளில், ஆசிரியரைக் குளவியாகவும் மாணவரைப் புழுவாகவும் வைத்து நாம் எல்லாரும் ஒரு முறையாவது பேசியிருப்போம். உண்மை என்ன தெரியுமா? புழு குளவியாக மாறுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக்குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. போனது புழு, வந்தது குளவி. வெளியிலிருந்து பார்த்தவர்கள் மாறிவிட்டது என்று நினைத்தார்கள். கூர்ந்து பார்த்ததில் பாதி சரி, முடிவு தவறு. உவமையாகச் சொல்லுங்கள், தவறில்லை. அறிவியல் உண்மையாகச் சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் சிரிப்பார்கள்.

மண்கூட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாய்த் துளைகளை அது அடைத்துவிடும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட ஒரு விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். பறக்கும் வேகத்தை அளக்க உதவும் குழாயை மண்குளவியின் கூடு அடைத்திருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் கருதினர். நம் வீட்டில் விமானம் இல்லை. ஆனால், குளிர்சாதனப் பெட்டியின் நீர்வடிகுழாயும் காற்றுப்போக்கித் துளைகளும் உண்டு. அங்கே மட்டும் கண்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

2. திறந்த காகிதக்கூடு

தாமரைக்காயைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். மேலே ஒரு சின்னக் காம்பு, கீழே வெளியே தெரியும் அறைகள். அறைகளின் மேல் குளவிகள் உட்கார்ந்திருப்பதும் தெரியும். மரநாரைச் சுரண்டி எச்சிலோடு மென்று காகிதம்போல் செய்து கட்டுகின்றன. மரத்திலிருந்து காகிதம் செய்யலாம் என்பதைக் குளவியைப் பார்த்தே மனிதன் யோசிக்கலாம் என 1719இலேயே ரியோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துச் சொன்னார்.

இவை கூட்டமாக வாழ்பவை. கூடு சிறியது. தள்ளி நின்றால் நம்மைக் கண்டுகொள்ளாது. கூட்டை இடித்தால், அசைத்தால் கொட்டும். பூச்செடியை வெட்டும்போதும், கேட்டின் அடியில் கை வைத்துத் தள்ளும்போதும் நமக்குக் கிடைக்கும் கொட்டு பெரும்பாலும் இவற்றால்தான்.

3. மூடிய பந்துக்கூடு

இதுதான் தெபுவான் கூடு. உருண்டையாகவோ கீழ்நோக்கிய பேரிக்காய்போலவோ இருக்கும். வெளியே காகித உறை மூடியிருக்கும். பழுப்பும் வெளிர்நிறமுமாக அலையலையாய் வரிகள் இருக்கும். உள்ளே பல அடுக்கு அறைகள், வெளியே ஒரு வாசல். மரக்கிளை, கூரை விளிம்பு, புதர், ஆளில்லாத வீடு என எங்கும் கட்டும். குளவியின் உடல் ஏறக்குறைய 2 முதல் 3 சென்டிமீட்டர். வயிற்றின் முன்பகுதியில் பளிச்சென்று மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பட்டை, பின்பகுதி கறுப்பு. இதன் உறவுக்காரக் குளவி ஒன்று மண்ணுக்குள்ளும் மரப்பொந்திலும் கூடு வைக்கும். புல் வெட்டும் இயந்திரத்தோடு அதன் மேல் போய் நின்ற பிறகுதான் நமக்குத் தெரியும்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் குளவிக்கூட்டம் அழிந்துவிடும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. "கொஞ்ச நாள் பொறுத்தா தானா போயிடும்" என்று இந்த மூன்றாம் வகையை விட்டுவைக்க முடியாது. கூடு பெரிதாகிக்கொண்டேதான் போகும்.

ஒன்றை அடித்தால் ஏன் நூறு வருகிறது?

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. கொட்டினால் கொடுக்கு நம் தோலில் சிக்கிக்கொள்ளும், தேனீயும் செத்துவிடும். குளவியின் கொடுக்கு அப்படிச் சிக்காது. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டுவது பெண் குளவி மட்டுமே. முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் ஆணுக்குக் கொடுக்கு கிடையாது.

இன்னும் முக்கியமானது, நஞ்சோடு சேர்ந்து வெளிவரும் வாசனை. தெபுவானை நசுக்கினாலோ அது கொட்டினாலோ அந்த வாசனை காற்றில் பரவும். மற்ற குளவிகளுக்கு அது "எதிரி இங்கே" என்ற அறிவிப்பு. ஆகவே, கையை வீசி ஒன்றை அடித்துக் கொல்வது வெற்றி அல்ல; கூட்டத்துக்கு நாமே கொடுக்கும் அழைப்பு. 'குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல' என்ற வழக்கு சும்மா வரவில்லை.

கம்பில் தீ வைக்கும் முறை ஏன் தோற்கிறது என்பதும் இதிலிருந்து புரியும். தீ கூட்டின் ஒரு பக்கத்தில்தான் படும். மறுபக்கத்துக் குளவிகளும் வேட்டைக்குப் போய்த் திரும்பும் குளவிகளும் பிழைத்திருக்கும். கம்பைப் பிடித்தவர் ஏணியில் நிற்பார். ஓட முடியாது. கூட்டோடு சேர்ந்து கூரையும் தீப்பிடிக்கலாம்.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்தவர் என் தாய்மாமா. சில ஆண்டுகளுக்கு முன்பு கூரை விளிம்பிலிருந்த கூட்டை இப்படித்தான் எரிக்கப் போனார். தலையிலும் முதுகிலும் எத்தனை கொட்டு என்று எண்ணவே முடியவில்லை. வலி, வீக்கம், ஆனால் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஒன்னும் இல்ல, சுண்ணாம்பு தடவுனா சரியாயிடும்" என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். மறுநாள் சிறுநீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் போனது. அதன் பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் வேலை செய்வது நின்றிருந்தது. பல வாரங்கள் டயாலிசிஸ் செய்து மீண்டு வந்தார். மீண்டு வந்தார் என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

நிறையக் கொட்டு விழுந்தால் நஞ்சு தசைகளைச் சிதைக்கும். சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். இது உடனே தெரிவதில்லை. அன்றைக்கு நன்றாக இருந்தவர் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ விழலாம். அதனால்தான் 'நல்லாத்தானே இருக்கார்' என்ற பேச்சை நம்பக்கூடாது.

கூட்டைக் கண்டால் செய்ய வேண்டியவை

முதலில், நில்லுங்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். கல்லெறிவது, தண்ணீர் பீய்ச்சுவது, அருகில் போய்ப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, தூரத்திலிருந்து வகையைப் பாருங்கள். மண்கூடா? விட்டுவிடுங்கள். திறந்த காகிதக்கூடா? ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் விடலாம். கதவு, கேட், துணி காயப்போடும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். மூடிய பந்துக்கூடா? சின்னதோ பெரியதோ, நீங்கள் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அந்தப் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டுங்கள். நாயை அவிழ்த்து விடாதீர்கள். புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தமும் அதிர்வும் கூட்டைக் கிளப்பிவிடும் என்பதால் அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

நான்காவது, தீயணைப்பு மீட்புத் துறையையோ, அதாவது நம் வாயில் 'பொம்பா'வையோ, பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள். யாரையாவது கொட்டிவிட்டால் 999. முழு முகவரி, கூடு இருக்கும் இடம், தரையிலிருந்து உயரம், எவ்வளவு பெரியது, வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மாணவர்களே, தகவலைச் சுருக்கமாகச் சொல்லும் பயிற்சி தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை.

அவர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்குவார்கள். வேட்டைக்குப் போன குளவிகள் எல்லாம் அப்போது கூட்டுக்குத் திரும்பியிருக்கும். "ராத்திரின்னா குளவிக்குக் கண்ணு தெரியாது, நாமளே செஞ்சிடலாம்" என்று நினைக்காதீர்கள். கலைந்தால் விளக்கு வெளிச்சத்தை நோக்கிப் பறந்து வரும். அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் சன்னலைச் சாத்தி, வெளிவிளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருங்கள்.

சுவர் ஓட்டைக்குள் குளவி போய் வருவதைக் கண்டால் சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள். வெளியே வழி இல்லை என்றால் வீட்டுக்குள் வழி தேடும்.

கூட்டம் கிளம்பிவிட்டால்

கையை வீசாதீர்கள். தலையையும் முகத்தையும் சட்டையாலோ துண்டாலோ மூடிக்கொண்டு ஓடுங்கள். வளையாமல் நெளியாமல் நேராக ஓடி வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் ஓடாதீர்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள். தலையைத் தூக்கும்வரை அவை மேலேயே சுற்றும்.

கொட்டிவிட்டால்

கூட்டை விட்டு விலகிய பிறகு, கொட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றுங்கள். கையில் கொட்டினால் மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. சுண்ணாம்பு வேண்டாம். அதன் காரம் தோலைப் புண்ணாக்கும். மண்ணெண்ணெயும் வேண்டாம்.

ஒன்றிரண்டு கொட்டு என்றால் பெரும்பாலானவர்களுக்கு வலியும் வீக்கமும் சில நாளில் தணியும். ஆனால், சிலருக்கு ஒரே ஒரு கொட்டு போதும். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சு இழுத்தல், வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அது தீவிர ஒவ்வாமை. சில நிமிடங்களில் முற்றிவிடும். உடனே 999. நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி கையிலிருந்தால் தாமதிக்காமல் போடுங்கள். இந்த நிலையில் உயிர் காப்பது அந்த மருந்துதான்.

"போன தடவை கொட்டினப்ப ஒன்னும் ஆகலையே" என்பது உத்தரவாதம் அல்ல. 1902இல் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடல் உயிரி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தப்பிய நாய், இரண்டாம் முறை மிகக் குறைந்த அளவிலேயே துடித்து விழுந்தது. முதல் அனுபவம் உடலைப் பாதுகாக்கவில்லை. எளிதில் சீறும்படி மாற்றிவிட்டிருந்தது. இதைக் கண்டறிந்ததற்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். குளவிக்கொட்டிலும் நடப்பது இதுதான்.

நிறையக் கொட்டு விழுந்தவரை, அதிலும் குழந்தையை, அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வீடு திரும்பிய பிறகும் சில நாள்கள் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள்.

கூடு கட்டாமல் பார்த்துக்கொள்ள

பெரிய கூடும் ஒரு நாள் சிறியதாகத்தான் இருந்தது. மாதம் ஒரு முறை கூரை விளிம்பு, கார் நிறுத்துமிடம், பழைய சாமான் கிடக்கும் மூலை, வேலிப்புதர் ஆகியவற்றைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். சுவரிலும் கூரையிலும் உள்ள ஓட்டைகளைக் குளவி குடியேறும் முன் அடைத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியை மூடி வையுங்கள். பழுத்து விழுந்த மாம்பழத்தை உடனே பொறுக்கிவிடுங்கள். இனிப்பும் இறைச்சியும் குளவிக்கு விருந்து.

வகுப்பறைக்கு

ஒருவர் பின்பற்றிச் செய்யப்போகும் கட்டுரையில் மொழி சரியா என்று பார்ப்பதற்கு முன் செய்தி சரியா என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு இந்தப் பயிற்சிகளைக் கொடுக்கலாம்:

அ. 'குளவி', 'குழவி' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு விளங்க வாக்கியம் அமைத்திடுக.
ஆ. மூவகைக் கூடுகளின் வடிவம், கட்டும் பொருள், ஆபத்தின் அளவு ஆகியவற்றை அட்டவணையாக்குக.
இ. 'குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல' என்ற வழக்கு பொருந்தும் சூழல் ஒன்றை எழுதுக.
ஈ. உன் வீட்டருகே தெபுவான் கூடு இருப்பதைத் தொலைபேசியில் ஐந்து வாக்கியங்களில் தெரிவித்திடுக.
உ. புழு குளவியாகும் என்ற நம்பிக்கை எவ்வாறு தோன்றியிருக்கும்? காரணத்துடன் விளக்கிடுக.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். மாணவனின் அப்பாவிடம் பேசினேன். "டீச்சர், நாங்க தோட்டத்துல வளர்ந்தவங்க. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்" என்றார். "எங்க மாமாவும் அதேதான்ணே சொன்னாரு" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் பேச்சில்லை. பிறகு, "பொம்பாகாரங்களுக்கு என்ன சொல்லணும்னு பையன்கிட்டயே எழுதிக் கொடுத்து விடுங்க டீச்சர்" என்றார்.

அடுத்த நாள் வகுப்பில் அதை எழுதியவன் அவனேதான். ஐந்து வாக்கியம். சனிக்கிழமை இரவு கூடு அகற்றப்பட்டது. திங்கட்கிழமை அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். "முதலில், கூட்டை விட்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும்" என்று தொடங்கியிருந்தது. 'குழவி' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். அதை மட்டும் சிவப்பு மையில் திருத்தினேன்.